புகைபோட்ட கித்தார்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். புக்கிட் மெர்தாஜாம் கோயில் புனித அன்னம்மாள் மேல் சத்தியம். ஆனைப்பாலம் தோட்டத்து முனியாண்டி மேல் சத்தியம். இந்த இரண்டு பேருக்கும் பயப்படாத ஆட்களும் உண்டு என்பதால், அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய மண்டோர் மேலும் சத்தியம். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இருந்தால் மூன்று பேரும் சேர்ந்து வந்து கேட்கட்டும்.

ஆனைப்பாலம் ரப்பர் தோட்டம் குருண் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. எழுபதுகளின் கடைசியில் அங்கே புகைக்கூட்டில் வேலை பார்த்தவன் இஞ்ஞாசிமுத்து. மரத்துப் பாலை உறைய வைத்து, தகடாக அழுத்தி, மூங்கில் கழிகளில் துணி மாதிரி தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகை காட்டுவார்கள். வெள்ளையாக உள்ளே போன ரப்பர் தேன் நிறத்தில் வெளியே வரும். கூடவே இஞ்ஞாசிமுத்துவும் வெளியே வருவான். எவ்வளவு சவுக்காரம் தேய்த்தாலும் அவன் மேல் புகை வாசம் போகாது. குருண் பஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டு காலியாகிவிடும். மாதா கோயிலில் அவன் உட்காரும் பெஞ்சில் கொசு வருவதில்லை என்று ஃபாதர் மட்டும் சந்தோஷப்படுவார்.

அவனை யாரும் தள்ளி உட்காரச் சொல்லாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நடராஜா குழுவின் மேடை. குருண் டவுனில் முடிவெட்டும் கடை வைத்திருந்த நடராஜா, சனி ஞாயிறுகளில் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் பாட்டுக் குழு நடத்தினார். அந்தக் குழுவின் பேஸ் கித்தார் இஞ்ஞாசிமுத்துவின் பொறுப்பில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு அவன் மேடையேறினால், முன்வரிசை ஆட்கள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இதற்காக அவன் தினமும் நன்றி சொன்னான். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிற சுபாவம் அவனுக்கு. பஸ் வந்தால் பஸ்ஸுக்கு. வராவிட்டால் நடந்து போகக் கிடைத்த காலுக்கு.

ஒரு ஞாயிறு கூலிமிலிருந்து லாரியில் திரும்பும்போது நல்ல மழை. மேலே கட்டியிருந்த கன்வாஸ் கிழிந்து கித்தார் முழுக்க நனைந்துவிட்டது. நனைந்த பொருள் எதுவாக இருந்தாலும் இஞ்ஞாசிமுத்துவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஃபாதர் காலில் போடும் சப்பாத்தை அவன் அப்படித்தான் காயவைத்துக் கொடுத்தான். தன் ஞானஸ்நானச் சான்றிதழையும் அப்படித்தான். கித்தாரைக் கொண்டுபோய் ரப்பர் தகடுகளுக்கு நடுவே மூங்கில் கழியில் தொங்கவிட்டு, கதவைச் சாத்தினான்.

தகடு எடுக்கும் நாளன்று கித்தாரையும் எடுத்தான். முதல் தரத் தகட்டின் நிறத்தில் ஜொலித்தது. ஆனால் கழுத்து மட்டும் தடவினால் வழுக்கியது. கித்தாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாக மெல்லிய உலோகக் கம்பிகள் பதித்திருப்பார்கள். ஃபிரெட் என்பது அதற்குப் பெயர். எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்பதற்கு அதுதான் வேலி. சூட்டில் மரம் சுருங்கி, ஃபிரெட் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே விழுந்து, அடுப்புச் சாம்பலோடு சாம்பலாகக் குழிக்குப் போயிருந்தது. கழுத்தின் மேல் விளிம்பில் இடம் காட்டுவதற்கு இருந்த சின்ன வெள்ளைப் புள்ளிகளும் புகை குடித்து, கோப்பிக் கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டன.

நடராஜா கித்தாரை வாங்கி மோந்து பார்த்தார்.

"ஏன்டா முத்து, நான் கித்தார குடுத்தேன். நீ கருவாட்ட கொண்டாந்து குடுக்குற."

"காஞ்சிருச்சு அண்ணே."

"காஞ்சிருச்சு. அதுல ஒண்ணும் கொற இல்ல."

கோபத்தில் ஒரு கம்பியைச் சுண்டினார். சுண்டியவர் அப்படியே நின்றார். ஃபிரெட் இருந்த காலத்தில் டங் டங் என்று தகரத்தில் தட்டியது போல இருந்த சத்தம், இப்போது வயிறு நிறையச் சாப்பிட்ட மனுஷன் ஊஞ்சலில் படுத்துக்கொண்டு முனகுவது போல வழுக்கிக்கொண்டு போனது. கடையில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தவர் பாதித் தலையோடு எழுந்து வந்து, "இன்னொரு வாட்டி தட்டுங்க லா" என்றார்.

ஆக, கித்தார் பிழைத்தது. இஞ்ஞாசிமுத்துதான் மாட்டிக்கொண்டான். வேலி போன தோட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். விரல் ஒரு நெல் அகலம் தள்ளி விழுந்தாலும் சுரம் புளித்துப்போகும். பகலில் குனிந்து உற்றுப் பார்த்தால் புள்ளிகள் மங்கலாகவாவது தெரிந்தன. மேடையில் சிவப்பு பல்பும் பச்சை பல்பும் மாறி மாறி எரியும்போது, கருத்த கழுத்தில் கருத்த புள்ளியை எங்கே தேடுவது? முதல் கல்யாணத்தில் அவன் வாசித்த வாசிப்பில், பாடகி தடம் மாறி, அக்கார்டியன் தடம் மாறி, கடைசியில் மாப்பிள்ளை பெண்ணின் தங்கை கழுத்துக்கு மாலையைக் கொண்டுபோய்விட்டான்.

புள்ளியைப் பளிச்சென்று ஆக்க வேண்டும். இஞ்ஞாசிமுத்து முதலில் கோப்பையிலிருந்து ரப்பர் பாலைத் தொட்டு வைத்தான். வெள்ளை வெளேரென்று இருந்தது, காயும் வரைக்கும். வாசிக்கும்போது அது முழுதாகக் காயவில்லை. கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது. பாட்டு முழுவதும் ஒரே சுரத்தில் நின்றான். அன்றைக்கு அவன் ரொம்ப நன்றாக வாசித்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு சோற்றுப் பசையில் பச்சரிசியை ஒட்டினான். வாசலில் சாய்த்துவைத்துவிட்டு முகம் கழுவப் போன நேரத்தில் வீட்டுக் கோழி வந்து ஒவ்வொன்றாகக் கொத்திவிட்டது. கோழி கொத்திய சுரங்கள் எல்லாம் சுத்தமாக இருந்ததாக அடுத்த வீட்டு ராக்காயிக் கிழவி சத்தியம் செய்தாள். "ஒம் புருசனுக்குப் பதிலா இத அனுப்பு" என்று லூர்து மேரியிடம் யோசனையும் சொன்னாள்.

லூர்து மேரி அவன் மனைவி. கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள் அவள்தான். ஆர்மோனியம் தப்பினால் ஆர்மோனியத்தை முறைப்பாள். தனக்குத் தெரிந்த பாடத்தைப் புருஷனுக்கு அவளாக எடுக்கவில்லை. அவன் கேட்கட்டும் என்று இருந்தாள்.

அவன் கேட்கவில்லை. பண்டார் பாருவில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது, பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டும் லைட்டைக் கட்டிக்கொண்டு மேடையேறினான். யோசனை நல்ல யோசனைதான். குனிந்தால் கழுத்து பட்டப்பகல் மாதிரித் தெரிந்தது. ஆனால் பாட்டு நடுவில் பாடகியைப் பார்க்க ஒரு தடவை நிமிர்ந்தான். வெளிச்சம் கூட்டத்தின் முகத்தில் விழுந்தது.

வந்திருந்தவர்கள் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். விடியுமுன்னே வரிசையில் நின்று பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வருஷக்கணக்காகப் போனவர்கள். முகத்தில் நெற்றி லைட் அடித்தால் உடம்பு தானாக எழுந்துகொள்ளும். முன்வரிசை எழுந்தது. அதைப் பார்த்து இரண்டாம் வரிசை எழுந்தது. பிரியாணித் தட்டோடு வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் கண்ணசந்திருந்த மண்டோர் ஒருவர் திடுக்கிட்டு விழித்து, "இராசாத்தி! மனோகரன்! அழகேசன் எங்க, இன்னைக்கும் மட்டமா?" என்று பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அழகேசன் நடராஜா குழுவின் டிரம்ஸ்காரன். குச்சியைக் கீழே போட்டுவிட்டு அவனும் போய் வரிசையில் நின்றான்.

லாரியில் திரும்பும்போது நடராஜா சத்தம் போடாமல் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"முத்து, அடுத்த மாசம் பாலிங்ல பரஞ்சோதி மக கல்யாணம். பெரிய எடம். அங்க கென்னத்தயும் வரச் சொல்லிருக்கேன்."

கென்னத் சுங்கைப் பட்டாணிப் பையன். பெல்பாட்டம் போடுவான். சொந்தமாக பேஸ் கித்தார் வைத்திருந்தான்.

"எதுக்கு அண்ணே?"

"சும்மா ஒக்காந்து பாக்கட்டும். நீ தப்பு பண்ணா எந்திரிச்சு வருவான். அதுக்கப்பறம் அவந்தான். கோவிச்சுக்காத தம்பி."

"கோவம் எல்லாம் இல்ல அண்ணே. அது வரைக்கும் இருக்க விட்டீங்களே" என்றான் இஞ்ஞாசிமுத்து. வழக்கம்போல நன்றி சொல்லிவிட்டான். அதன் பிறகு குருண் வரும்வரை, பஸ்ஸில் தன் பக்கத்துக் காலிச் சீட்டு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தான்.

மறுவாரம் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குக் கரண்ட் கொடுக்கும் இஞ்சின் நின்றுபோனது. மண்ணெண்ணெய் விளக்கைத் தேடப்போன இஞ்ஞாசிமுத்து அப்படியே நின்றான். லூர்து மேரி பாயில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவில் வாங்கிய மாலை. வெளிச்சத்தைக் குடித்துவைத்துக்கொண்டு இருட்டில் பச்சையாக மினுங்குகிற மணிகள். அவள் விரல் ஒவ்வொரு மணியாக, தேடாமல், தடுமாறாமல் போய்க்கொண்டிருந்தது.

ஜெபம் முடித்து அவள் நிமிர்ந்தாள்.

"என்னா பாக்குறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"கையப் பாக்குறீங்களா, மணியப் பாக்குறீங்களா?"

"கையத்தான்."

"பொய். கல்யாணம் ஆன நாளா என் கைய எங்க பாத்தீங்க?" அவள் மாலையை அவன் பக்கம் நீட்டினாள். "கத்திய எடுத்துட்டு வாங்க. அறுக்கலாம்."

"வேணாம் மேரி. பாவம் லா. ஒங்க அம்மா சாவுக்கெல்லாம் இதுலதான சொன்ன."

"மாதாவுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல. மாதா என்னா, எனக்கு மணி இல்லன்னு கேக்காம இருந்துருவாங்களா?"

இஞ்ஞாசிமுத்துவுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸுக்கெல்லாம் சொன்னவன்.

மறுநாள் பொழுதோடு வேலை ஆரம்பித்தது. மணியை இரண்டாகப் பிளந்து கித்தார் கழுத்தில் ஒட்டலாம் என்று பால் வெட்டும் கத்தியை வைத்து அழுத்தினான். முதல் மணி தெறித்து வாசலுக்குப் போனது. கோழி அதை விழுங்கியது. அடுத்த வாரம் அது இட்ட முட்டையை வைக்கோலுக்குள் விளக்கில்லாமலே எடுத்தார்கள் என்பது வேறு கதை. மிச்ச மணிகளை முழுதாகவே பதிப்பதென்று முடிவானது.

பழைய புள்ளிகள் இருந்த இடத்திலேயே துளை போடப் போனான். லூர்து மேரி கையைப் பிடித்தாள்.

"அங்க இல்ல."

"இங்கதான இருந்துச்சு?"

"இருந்துச்சு. அதனாலதான் எப்பவும் ஒரு நூல் எறங்கியே வாசிக்கிறீங்க. மாசக்கணக்கா காதுல விழுது எனக்கு."

"அத ஏன் சொல்லல?"

"கேட்டாத்தான?"

விஷயம் இதுதான். பழைய புள்ளிகள் இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் இருப்பவை. ஃபிரெட் இருந்தபோது விரலைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் ஃபிரெட் பார்த்துக்கொள்ளும். இப்போது ஃபிரெட் இருந்த அதே கோட்டில் விரல் விழுந்தால்தான் சுரம். அவன் இத்தனை நாளும் தப்பான புள்ளியைத்தான் கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

லூர்து மேரி சுரத்தைப் பாடினாள். அவன் விரலை வழுக்கிக்கொண்டே வந்தான். அவள் குரலும் கம்பியும் ஒன்றாகும் இடத்தில் "நில்லுங்க!" என்பாள். விளிம்பில் கண்மையால் ஒரு கோடு. அடுத்த சுரம். "நில்லுங்க! அய்ய, தாண்டிட்டீங்க. பின்னால வாங்க. இன்னும். நில்லுங்க!" லயத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். புருஷனை இத்தனை தடவை நில்லு என்று சொல்லி அவன் நிற்பதைப் பார்க்க ராக்காயிக் கிழவி முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

காய்ச்சிய ஆணியால் குழி போட்டு, சைக்கிள் டியூப் ஒட்டும் சொலூஷனில் மணிகளைப் பதித்தான். பரலோகத்தில் இருக்கும் அப்பாவை வேண்டும் பரலோக மந்திரம் சொல்வதற்கான பெரிய மணியை, சுரம் ஒரு சுற்றுப் போய் மறுபடி தன் வீட்டுக்கு வந்து சேரும் இடத்தில் வைக்கச் சொன்னாள் லூர்து மேரி. "வீட்டுக்கு வந்தா அப்பாவப் பாக்கணும்ல" என்றாள்.

பாலிங்குக்குப் போகும் லாரியில் அவளும் ஏறிக்கொண்டாள். வழி நெடுக, வடகம் காயவைப்பதுபோல, கித்தார் கழுத்தைத் திருப்பித் திருப்பி வெயிலில் காட்டிக்கொண்டு வந்தாள்.

பரஞ்சோதி வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரே வந்திருந்தது. ஆனைப்பாலத்திலிருந்து கோயில்கார அம்மாக்கள் ஒரு பஸ் நிறைய வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ராக்காயிக் கிழவி. ஓரத்து நாற்காலியில் கென்னத், மடியில் கித்தார்ப் பெட்டி, பெட்டியின் பூட்டு திறந்தபடி.

முதல் பாட்டு தப்பவில்லை. இரண்டாம் பாட்டும் தப்பவில்லை. சிவப்பு பல்பு எரிந்தாலும் பச்சை பல்பு எரிந்தாலும் மணிகள் பல் மாதிரி வரிசையாகத் தெரிந்தன. இஞ்ஞாசிமுத்து மூச்சு விட்டான். மூன்றாவதாக ஆட்டப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். அது சூடு பிடிக்கும் நேரத்தில் ஜெனரேட்டர் இருமியது, இன்னொரு தடவை இருமியது, நின்றது.

பாலிங் இருட்டு சாதாரண இருட்டு இல்லை. எதிரில் மலை, மலைக்கு அந்தப் பக்கம் சயாம். சயாமின் இருட்டும் சேர்ந்து வந்து இறங்கியது. நடராஜாவுக்கு அக்கார்டியன் பொத்தான் தெரியவில்லை, நிறுத்தினார். அழகேசன் டிரம்ஸ் என்று நினைத்துப் பாடகியின் முழங்காலைத் தட்டி, அறை வாங்கி, நிறுத்தினான். ஆனால் பேஸ் கித்தாரின் ஆம்ப்ளிஃபயர் லாரி பேட்டரியில் ஓடுவது. அதற்கு ஜெனரேட்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இஞ்ஞாசிமுத்து கழுத்தைப் பார்த்தான். வெயில் முழுக்கக் குடித்துவைத்த மணிகள் இப்போதுதான் நன்றாக எரிந்தன. அவன் நிறுத்தவில்லை.

கூட்டத்துக்கு மேடை தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. ஆகாயத்தில் ஒரு ஜெபமாலை மட்டும் தெரிந்தது. ஒரு விரல் அதன் ஒவ்வொரு மணியையும் மறைத்து மறைத்து நகர்ந்தது.

கோயில்கார அம்மாக்களில் யார் முதலில் ஆரம்பித்தது என்பதில் இன்றுவரை சண்டை உண்டு. விரல் ஒரு மணியில் விழுந்தது; மாதாவுக்கான மங்கள வார்த்தை ஜெபம் ஒன்று எழுந்தது. அடுத்த மணி, அடுத்த ஜெபம். ஆட்டப் பாட்டின் வேகத்துக்கு ஜெபமும் ஓடியது. மூச்சு வாங்கியது. அதைக் கேட்டு இஞ்ஞாசிமுத்து இரக்கப்பட்டு வேகத்தைக் குறைத்தான். அவன் விரல் பெரிய மணிக்குப் போனபோதெல்லாம் அவர்கள் பரலோக மந்திரத்துக்கு மாறினார்கள். பேஸ் வாசிக்கிறவனுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், அடிக்கடி போவான். அப்படி ஒரு முறையில் ஜெபமாலை சொல்லத் திருச்சபையில் அனுமதியே இல்லை. ஆனாலும் சொன்னார்கள். முடிவில் ராக்காயிக் கிழவி இருட்டிலிருந்து உரக்க, "மாதாவுக்கு!" என்றாள். பரஞ்சோதி வீட்டுச் சனம் மொத்தமும் "அரோகரா!" என்றது.

கரண்ட் வந்தபோது மண்டபம் முழுக்க முழங்காலில் இருந்தது, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்பட. பரஞ்சோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடராஜாவிடம் வந்தார். "இதுவும் நிகழ்ச்சியில சேத்தியா? நீங்க சொல்லவே இல்லையே லா."

நடராஜா திரும்பி இஞ்ஞாசிமுத்துவைப் பார்த்தார். "ஒண்ணு கூடத் தப்பல" என்றார். பிறகு அக்கார்டியனோடு அவன் பக்கமாக ஒரு அடி நகர்ந்து நின்றுகொண்டார்.

கென்னத் பெட்டியைப் பூட்டிக்கொண்டு மேடையோரம் வந்தான். "அண்ணே, அக்காகிட்ட இன்னொரு ஜெபமாலை இருக்குமா?"

திரும்பி வரும் லாரியில் எல்லாரும் பேசினார்கள், சிரித்தார்கள். லூர்து மேரி மட்டும் மூலையில் உதடசைத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்து அவள் ஜெபம் சொல்லும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. மாலை இல்லாத கை, விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டுக் கணக்கு வைத்தது. இந்தத் தடவை இஞ்ஞாசிமுத்து அவள் கையைத்தான் பார்த்தான்.

கித்தாரை எடுத்து, கழுத்தை அவள் மடியில் வைத்தான். கம்பி சத்தம் போடாதபடி தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"மேரி," என்றான்.

"ம்?"

வாய் வரவில்லை. அவளுக்கும் அது தேவைப்படவில்லை. "கோழிக்கிட்ட ஒண்ணு இருக்கு. அத வீட்டுக்குப் போயி சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, முதல் மணியில் விரலை வைத்தாள். குருண் வரும்வரை அவன் கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்த வீட்டில் சாயங்கால ஜெபம் கித்தார் கழுத்தில்தான் நடந்தது. புருஷன் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்வான், பெண்சாதி இந்தப் பக்கம் எண்ணிக்கொண்டு போவாள்.

அந்தக் கித்தார் இன்றைக்கும் குருணில் லூர்து மேரி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. என் சத்தியத்தை நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்: அதன் கழுத்தில் ஃபிரெட் ஒன்றுகூடக் குறையவில்லை.